ரீச்சரும் டீச்சரும்

எங்கட வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தவள். மண்டபம் முகாமில் பிறந்து, பதின்மூன்று வயதில் தாய் தகப்பனோடு கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தவள். வந்த புதிதில் தமிழ்ப் பாடத்தில் 'மறக்க முடியாத ஒரு பயணம்' எண்டு கட்டுரை எழுதச் சொன்னார்கள். அவள் முகாமை விட்டு வந்த நாளைத்தான் எழுதியிருந்தாள். டீச்சர் அழுதது, அப்பா டிக்கெட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது, முதன்முதல் பிளேன் ஏறினது. கொப்பி திரும்பி வரேக்க டீச்சருக்கும் டிக்கெட்டுக்கும் கீழே சிவப்புக் கோடு. ரீச்சர், ரிக்கற் எண்டு பத்துத் தரம் எழுதிக்கொண்டு வரவேணும். நாங்கள் சிரித்தோம். அந்தப் பயணத்தைப் பற்றி ஒருத்தரும் அவளிட்ட ஒரு கேள்வி கேட்கவில்லை. பிறகு கனகாலம் அவள் வகுப்பில் வாய் திறக்கவே இல்லை. சாதுவான பிள்ளை எண்டு நாங்கள் நினைச்சுக்கொண்டிருந்தோம்.

1983க்குப் பிறகும் 1990இலும் வன்னியில் இருந்தும் மன்னாரில் இருந்தும் சனம் வள்ளம் ஏறிப் போனது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கடல் முப்பது கிலோமீற்றர் அளவுதான். 2009க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரத் தொடங்கினார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது திரும்பி வாறது இல்லை, புதுசா ஒரு நாட்டுக்கு வாறது.

'சேர் வந்திட்டார்' எண்டு நாங்கள் கத்த, அவள் கதிரையைத் தேடினாளாம். அங்க சேர் எண்டால் நாற்காலி, வாத்தியார்தான் சார். அப்பா கச்சேரிக்குப் போட்டார் எண்டு ஆராவது சொன்னால் அவளுக்குப் பாட்டுக் கச்சேரி. எங்களுக்கு அது மாவட்டச் செயலகம், காலமை போனால் பின்னேரம் வரைக்கும் வாங்கில் குந்தியிருக்கிற இடம். தாய் தேத்தண்ணிக்குச் சர்க்கரை வாங்கி வா எண்டு அனுப்ப, கடைக்காரர் பொங்கலுக்குப் போடுற சர்க்கரையைக் கட்டிக் குடுத்தார். சீனி எண்டு கேட்டிருக்க வேணும்.

இதெல்லாம் சிரிச்சுப்போட்டு விடக்கூடியது. 'நீர்' அப்படியில்லை. சம வயதுக்காரரை நாங்கள் 'நீர்', 'உமக்கு', 'வாரும்' எண்டு கதைக்கிறோம். அதில் மரியாதையும் இருக்கு, நெருக்கமும் இருக்கு. அவளுக்கோ அது சரித்திரப் படத்தில் ராசா அதட்டுற மாதிரிக் கேட்டதாம். அவள் அன்பாக 'நீ வாடி' எண்டு கூப்பிட, எங்களுக்கு அது மரியாதை கெட்ட கதையாகப் பட்டது. இரண்டு மாசம் ஒருத்தரை ஒருத்தர் திமிர் பிடிச்சவள் எண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்சோம்.

இப்ப யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் படிக்கிறோம். (அது இருக்கிற இடத்தின் பேரும் திருநெல்வேலிதான். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு ஒவ்வொரு முறையும் இதை விளங்கப்படுத்த வேண்டியிருக்கு.) ஒலிகளைப் பற்றிக் கொஞ்சம் படிச்ச பிறகுதான் அந்தச் சிவப்புக் கோடு எவ்வளவு அநியாயம் எண்டு தெரிஞ்சது.

ஆங்கிலத்தில் 'ரீ' எண்டு நாங்களும் 'டீ' எண்டு அவர்களும் சொல்லுற எழுத்து இருக்கே, அதைச் சொல்லும்போது நாக்கு நுனி மேற்பல்லுக்குப் பின்னால் இருக்கிற முரசில் தட்டும். 'ட'வுக்கு நாக்கு பின்னால் வளையும், 'த'வுக்குப் பல்லில் படும். இரண்டுக்கும் நடுவில் எங்களிட்ட ஒரு சத்தம் இருக்கு. காற்று, மாற்றம் எண்டு நாங்கள் வாசிக்கேக்க வாற 'ற்ற'. தொல்காப்பியம் றகரத்தையும் னகரத்தையும் ஒரே பிறப்பிடத்தில் வைக்கிறது, அந்த இடத்துக்குக் கிட்டத்தான் இந்தச் சத்தமும். அதனால்தான் எங்கட ஆட்கள் 'கிறிக்கெற்' எண்டு எழுதினார்கள். சொல்லுக்கு முதலில் வாற 'ட'வை டொக்டருக்கும் டொலருக்கும் வைத்துக்கொண்டு, ரயருக்கும் ரீச்சருக்கும் 'ர' போட்டார்கள். 'டீச்சர்' எண்டு கண்டால் எங்கட வாய் டொக்டரின்ர சத்தத்துக்குத்தான் போகும்.

நல்ல ஏற்பாடு. ஆனால் ஓட்டை இல்லாத ஏற்பாடு இல்லை. 'ரொறன்ரோ'வை எடுங்கோ. முதல் 'ர' ஒரு சத்தம், நடுவில் 'ற' வேறு சத்தம், கடைசி 'ரோ' திரும்ப முதல் சத்தம். மதுரைக்காரர் ஒருத்தர் இதை எப்படி வாசிப்பார் எண்டு யோசிச்சால் பாவமாக இருக்கு. அவர்கட எழுத்தில் டயரும் டாக்டரும் ஒரே 'ட'வில் தொடங்கும், எங்கட எழுத்தில் ரயரும் ரயிலும் ஒரே 'ர'வில் தொடங்கும். அவர்கள் ஒண்டை இழந்தார்கள், நாங்கள் இன்னொண்டை இழந்தோம். இதில் எது பிழை?

ஆங்கிலத்திலும் இதே கதைதான். நோவா வெப்ஸ்ரர் 1828இல் அமெரிக்க அகராதி போட்டபோது, நிறத்துக்கான சொல்லில் பிரிட்டன்காரர் எழுதுற 'யு'வை விட்டுவிட்டார். நாங்கள் பள்ளிக்கூடத்தில் 'யு'வோடு படிச்சோம். போனில் அப்படி எழுதினால், அது அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால், சிவப்புக் கோடு போடும். ஆனால் லண்டனுக்கும் நியூயோர்க்கிற்கும் இடையில் வாழ்கிற ஒருத்தருக்கு இரண்டு அகராதி இருக்கு, இரண்டும் சரி. எங்கட வகுப்புப் பிள்ளைக்கு அப்படி ஒருத்தரும் சொல்லவில்லை.

எங்களுக்குக் கோபம் வாற இடம் இனித்தான். இப்ப எங்கட தம்பி தங்கச்சிமார் யூரியூப் பார்த்து 'டீச்சர்' எண்டுதான் எழுதுகிறார்கள். 'சீக்கிரம்' எண்டுதான் கதைக்கிறார்கள், 'கெதியா' எண்டால் சிரிக்கிறார்கள். எங்கட ஊர்க்காரர் சிலர் வீடியோ போடேக்க பார்வை கூடவேணும் எண்டு 'பேசலாம் வாங்க' எண்டு தொடங்குகிறார்கள், கமரா நிண்ட உடனே கதைக்கத் தொடங்குகிறார்கள். அதுக்கு ஒருத்தரும் சிவப்புக் கோடு போடுறதில்லை. முகாமில் இருந்து ஒரு பிள்ளை கொண்டு வந்தால் பிழை, அதையே போன் கொண்டு வந்தால் நாகரிகம். அப்ப நாங்கள் அவளில் திருத்தினது எழுத்தை இல்லை. அகதி எண்டதைத்தான்.

ஒழுங்கு வேண்டாமோ எண்டு கேட்பார்கள். வேணும். ஒரு கட்டுரைக்குள் ஒரே முறையில் எழுது எண்டு பிள்ளைக்குச் சொல்லலாம். அதுக்கு மேலே இரவல் சொல்லுக்குப் புள்ளி குறைக்கிறதுக்கு ஒரு நியாயமும் எங்களுக்குத் தெரியவில்லை. கொழும்பில் அடிக்கிற பேப்பர்களிலேயே 'கிரிக்கெட்' வருகுது. அதேநேரம் நாங்கள் எழுதுறதில் 'கிறிக்கெற்'தான் இருக்கும். வீம்புக்கு இல்லை. அதை எழுதேக்க எங்கட வாய் சொல்லுற சத்தம் கேட்குது.

போன மாசம் அவளிட்ட ஒரு கட்டுரை கேட்டோம். இப்ப அவள் எங்களை 'நீர்' எண்டுதான் கூப்பிடுறவள், நாங்கள் அவளை 'வாடி' எண்டு கூப்பிடப் பழகிவிட்டோம். அவளின்ர அம்மம்மா இன்னும் அங்கதான், வட்ஸ்அப்பில் அவவுக்கு எழுதுறது அந்த எழுத்தில். "எந்த எழுத்தில எழுதிறது?" எண்டு கேட்டாள். விருப்பமானதில் எழுதும் எண்டோம். வந்ததை வாசிச்சால், முகாமில் நடக்கிற பகுதியில் டீச்சர், கிளிநொச்சியில் நடக்கிற பகுதியில் ரீச்சர். ஒரு கட்டுரைக்குள் ஒரே முறை எண்டு மேலே நாங்களே எழுதியிருக்கிறோம், தெரியும். ஆனால் இதில் கை வைக்கிறதில்லை எண்டு முடிவெடுத்தோம். எங்களில் ஒராள் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அந்தக் கதை நடந்துகொண்டிருக்கு.