55 சதவீதம் எல்லாம் ஒரு கோலா?

டிஸ்கி: இது தன்னம்பிக்கைக் கட்டுரை இல்லை. படித்து முடித்ததும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. அதற்கு நான் கேரண்டி.

பி.காம். சேர்ந்த முதல் நாள். சார் ஒவ்வொருவராக எழுப்பி "உன் கோல் என்னப்பா?" என்று கேட்டார். பதில்கள் மூன்றே வகைதான். சி.ஏ., பேங்க், கவர்மெண்ட் வேலை. நான் ஒரு படி மேலே போய் "சி.ஏ. சார், எல்லாமே ஃபர்ஸ்ட் அட்டெம்ப்ட்" என்றேன். கடைசி பெஞ்சில் ஒருத்தன் மட்டும் "எங்க மாமா தோல் சாமான் கடையில கணக்கு பாக்கணும் சார்" என்றான். வகுப்பே சிரித்தது, நானும்தான். இப்போது மூன்றாம் வருஷம். அன்றைக்குத் தன் கையில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பதில் சொன்ன ஒரே ஆள் அவன்தான் என்று இப்போது தோன்றுகிறது.

என் கதைக்கு வருகிறேன். ஆம்பூரில் வீடு, வேலூரில் காலேஜ். சி.ஏ. ஃபவுண்டேஷனுக்குப் பணம் கட்டியாயிற்று. அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் லைனில் இருக்கிறார், அவர் சம்பளத்தில் கட்டிய பணம். சுவரில் ஒரு டைம்டேபிள் ஒட்டினேன். தினமும் 5 மணி நேரம், வாரத்துக்கு 35. மூன்று கலர் ஸ்கெட்ச் பேனா வேறு. அம்மா பார்த்துவிட்டு "இன்னாடா இது, இதுல சோறு துன்ற நேரம் எங்க?" என்றார். எனக்குக் கோபம் வந்தது.

ஃபவுண்டேஷனில் நாலு பேப்பர். ஒவ்வொன்றிலும் 40 எடுக்க வேண்டும், மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். முதல் தடவை லா பேப்பர் காலை வாரியது. இரண்டாவது தடவை எல்லாவற்றிலும் 40 தாண்டிவிட்டேன், மொத்தம் 200 வரவில்லை. ரிசல்ட் பார்த்த அன்று வீட்டில் யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அதற்குப் பிறகுதான் அம்மா கேட்ட கேள்வி மண்டைக்குள் போனது. அம்மா வேலை செய்யும் லைனின் கடைசியில் ஒரு போர்டு இருக்கும். மணிக்கு எத்தனை ஜோடி டார்கெட், எத்தனை முடிந்தது என்று எழுதுவார்கள். அந்த டார்கெட்டை யாரும் ஆசைப்பட்டு எழுதுவதில்லை. ஸ்டாப்வாட்ச் வைத்து ஒவ்வொரு தையலுக்கும் எத்தனை நொடி என்று அளப்பார்கள். எந்த வேலை மெதுவாக நடக்கிறதோ அதைத் தாண்டி லைன் ஓடாது. களைப்புக்கும் தண்ணீர் குடிப்பதற்கும் பாத்ரூம் போவதற்கும் கூடத் தனியாக நேரம் சேர்த்துத்தான் கணக்கு. (அந்த நேரம் நிஜமாகவே கொடுக்கப்படுகிறதா என்று பெண்களைக் கேட்டால் வேறு கதை வரும். டார்கெட் யார் தலையில் ஏறுகிறது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். நான் கம்பெனியைப் புகழவில்லை, அளந்து பார்க்கும் பழக்கத்தைத்தான் சொல்கிறேன்.)

நாம் காஸ்ட் அக்கவுண்டிங்கில் படிப்பதும் இதேதான். பட்ஜெட் போடும்போது முதலில் லிமிட்டிங் ஃபேக்டர் எது என்று பார்க்கச் சொல்கிறார்கள். தோல் கிடைப்பது கஷ்டமா, ஆள் கிடைப்பது கஷ்டமா, ஆர்டர் கிடைப்பது கஷ்டமா? எது குறைவோ அதிலிருந்துதான் பட்ஜெட் ஆரம்பம். அதேபோல நார்மல் ஐடில் டைம் என்று ஒன்று. மிஷின் சூடாக, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற ஆகும் நேரம். அது தவிர்க்க முடியாதது என்று ஒப்புக்கொண்டு செலவிலேயே சேர்த்துவிடுகிறோம். ஊரான் கம்பெனிக்கு இவ்வளவு நியாயமாகக் கணக்குப் போடுகிற நாம், நமக்கு டைம்டேபிள் போடும்போது மட்டும் ஐடில் டைம் பூஜ்யம் என்று போடுகிறோம்.

ஒரு நாள் உட்கார்ந்து என் கணக்கைப் போட்டேன். வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் 49. காலேஜும் பஸ்ஸும் சேர்த்து 45. சாப்பாடு, குளியல், கடை, தண்ணீர் பிடிப்பது எல்லாம் 21. சாயங்காலம் ஒரு இடத்தில் டேலி என்ட்ரி போடுகிறேன், அது 24. மீதி 29. நல்லா இருக்கிறதே என்று நினைக்கும்போது போனில் ஸ்கிரீன் டைம் பார்த்தேன். 21. ஆக நிஜமாகக் கையில் இருந்தது வாரத்துக்கு 8 மணி நேரம். சுவரில் எழுதியிருந்தது 35!

போனை நாளுக்கு ஒரு மணி நேரமாகக் குறைத்தால் 22 வரும். அதில் காய்ச்சல், கல்யாணம், கரண்ட் கட், சும்மா மோட்டுவளையைப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் 7 தள்ளினால் 15. அந்த 15தான் என் உண்மையான கொள்ளளவு. இதற்கு மேல் போட்டால் அது கோல் இல்லை, கோலம்.

இது என் ஒருவனின் முட்டாள்தனம் என்று நினைத்தேன். இல்லையாம். 1994இல் கனடாவில் ரோஜர் பியூலர் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே சொதப்பினால்? அப்போதும் சுமார் 49 நாள் என்றார்கள். நிஜத்தில் ஆனது 55 நாளுக்கு மேல். மோசமாகப் போனால் என்று போட்ட கணக்கே மோசமாகப் போயிருக்கிறது. இதற்கு முன்பே, 1979இல் கானமென், ட்வெர்ஸ்கி இருவரும் இந்த வியாதிக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், திட்டமிடல் மயக்கம் என்று சொல்லலாம். மருந்து எளிமையானது. இந்த முறை எப்படிச் செய்யப் போகிறேன் என்று யோசிக்காமல், போன முறை எவ்வளவு நாள் ஆனது என்று பார்ப்பது.

அதற்காகச் சின்னதாக ஆசைப்படு, அடங்கிக் கிட என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கோல் பற்றி ரொம்ப காலம் ஆராய்ந்த லாக், லேத்தம் இருவரும் சொல்வது இதற்கு நேர் எதிர். முடிந்ததைச் செய் என்பதை விட, கஷ்டமான, தெளிவான எண் கொடுத்தால்தான் ஆட்கள் அதிகம் செய்கிறார்கள். 1975இல் வெளிவந்த ஒரு ஆய்வில், அமெரிக்காவில் மரம் ஏற்றும் லாரி டிரைவர்கள் அனுமதித்த எடையில் 60 சதவீதம் பக்கம்தான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 94 சதவீதம் என்று இலக்கு கொடுத்ததும் 90ஐத் தொட்டார்கள். ஆனால் ஒன்று கவனியுங்கள். லாரியில் எவ்வளவு ஏற்றுவது என்பது டிரைவர் கையில் இருந்தது.

நம் கோல்களில் பாதி நம் கையில் இல்லை. 2023 டிசம்பர் ஃபவுண்டேஷனில் தேறியவர்கள் 30 சதவீதம் பக்கம். 2024 ஜூனில் 15 சதவீதம் பக்கம். ஆறே மாதத்தில் பாதி! டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூனில் 15 லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள், அறிவிப்பில் இருந்த இடம் 6,244. பிறகு இடங்களைக் கூட்டினார்கள், அப்படியும் என்ன வந்துவிடப் போகிறது? எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. என் நண்பர்கள் எழுதுகிறார்கள், எழுதட்டும். அது மட்டுமே கோல் என்று மூன்று வருஷம் உட்காருவதைத்தான் பயத்தோடு பார்க்கிறேன்.

எங்கள் காலேஜ் சுவரில் கலாம் படம் இருக்கிறது, கனவு காணச் சொல்லி. அவர் விமானப்படை பைலட் தேர்வுக்கு டேராடூன் போய், எட்டு இடத்துக்கு ஒன்பதாவதாக வந்து தோற்றவர் என்பது அந்தப் படத்தில் இல்லை. அதே பயணத்தில் டெல்லியில் இன்னொரு வேலைக்கும் இன்டர்வியூ முடித்துவிட்டுத்தான் டேராடூன் போனார். அந்த வேலைதான் கிடைத்தது. கனவு கண்டவர் கையில் இரண்டாவது அப்ளிகேஷனும் இருந்தது!

என் லிமிட்டிங் ஃபேக்டர் நேரம் மட்டும் இல்லை. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். சி.ஏ. தேர்வை இங்கிலீஷில் எழுதலாம், ஹிந்தியில் எழுதலாம், தமிழில் எழுத முடியாது. லா பேப்பரில் எனக்கு விடை தெரியாமல் இல்லை, விடையை மூன்று மணி நேரத்துக்குள் எழுத இங்கிலீஷ் வரவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கம் தமிழ் மீடியத்திலும் உருது மீடியத்திலும் படித்து வரும் எத்தனையோ பேருக்கு இதே கதைதான். இதை அறிவு குறைவு என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள்.

ஒரு சீனியர் அண்ணாதான் வழி சொன்னார். "பி.காம்.ல 55 பர்சன்ட் எடுத்தா ஃபவுண்டேஷனே வேணாம்டா, நேரா இன்டர் ரெஜிஸ்டர் பண்ணலாம்." டைரக்ட் என்ட்ரி. விதியில் தெளிவாக இருக்கிறது. கோச்சிங் சென்டர் நோட்டீஸில் இது பொடி எழுத்தில் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. மூன்று வருஷத்தில் 55 சதவீதம், கூடவே தினம் ஒரு பக்கம் இங்கிலீஷில் பார்க்காமல் எழுதுவது. இதுதான் இப்போது என் கோல். கேட்டவன் எல்லாம் சிரிக்கிறான். "55 எல்லாம் ஒரு கோலா?" என்கிறான். அரியரோடு இருப்பவனும் கேட்கிறான் என்பதுதான் கொடுமை.

இன்டரும் லேசு இல்லை. 2024 செப்டம்பரில் இரண்டு குரூப்பும் சேர்த்து எழுதியவர்களில் 6 சதவீதம் கூடத் தேறவில்லை. அதனால் ஒரு நேரத்தில் ஒரு குரூப் மட்டும் எழுதுவேன். ஃபர்ஸ்ட் அட்டெம்ப்ட் என்ற வார்த்தையை வீட்டில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

நாலு செமஸ்டர் முடிவில் 58 இருக்கிறது. சுவரில் பழைய டைம்டேபிளைக் கிழித்துவிட்டு அரைப் பக்கத் தாள் ஒட்டியிருக்கிறேன், அம்மா லைன் போர்டு மாதிரி இரண்டே கட்டம்: போட்டது, நடந்தது. போன வாரம் போட்டது 15, நடந்தது 11. சித்தப்பா பொண்ணு கல்யாணம், வாணியம்பாடியில். நார்மல் ஐடில் டைம் என்று எழுதிவைத்தேன். அம்மா படித்துவிட்டு, "கல்யாணத்துக்கு முந்தின நாளு முழுக்க போன் பாத்துனு இருந்தியே, அதுக்கு இன்னா பேரு?" என்றார்.

அப்நார்மல்.