அடியாத மாடும் படியும்

"அடியாத மாடு படியாது" என்று நம் தோட்டங்களில் பேசிப் பழகிவிட்டோம். அது சரிதானா என்று தோழர்கள் சற்றே சிந்திக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஸ்கின்னர் (1904–1990) என்றோர் அறிஞர் இருந்தார். பசித்த எலியை ஒரு பெட்டிக்குள் விட்டார். உள்ளே இருந்த சிறு கட்டையை அது அழுத்தியபோது தீனி விழுந்தது. அப்புறம் எலி கட்டையை விடவே இல்லை! பலன் கிடைத்த காரியம் வளரும் என்று கண்டார். இன்னொன்றையும் பார்த்தார். கட்டையை அழுத்தும்போது காலில் அடி வாங்கிய எலி கொஞ்ச நேரம்தான் அடங்கியது; அடி நின்றதும் மறுபடி அழுத்தியது.

எலி கதை நமக்கெதற்கு என்கிறீர்களா? தானா ராத்தா தேயிலை மலையில் தராசைப் பாருங்கள். நல்ல தேயிலைக்கு இரண்டு இலையும் ஒரு மொட்டும் வேண்டும். ஆனால், கிலோவுக்கு மட்டும் காசு என்றால் கை எங்கே போகும்? முற்றின இலைக்குத்தான், அதுதானே சீக்கிரம் எடை ஏறும். பிறகு, "என்னம்மா, இலையெல்லாம் முத்திப் போச்சே!" என்று மண்டோர் சத்தம் போடுவார். தராசு சொல்லிக் கொடுத்ததைத்தானே கை செய்தது? சத்தத்துக்குக் கை அன்றைக்கு மட்டும் அடங்கும். சுத்தமாக எடுத்தவருக்கு, எல்லாருக்கும் தெரிந்த கணக்கில், உடனுக்குடன் கூடுதல் காசு கொடுத்தால் கை தானே திருந்தும்.

ஆனால், எலியைப் பட்டினி போட்டுத் தீனி காட்டியதுபோல் தொழிலாளிக்குச் செய்யலாகாது. கூடுதல் காசு சம்பளத்துக்கு மேலேதான் வர வேண்டும். சம்பளத்துக்குப் பதிலாக அல்ல. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். கிலோ கணக்கில் முழு மாதம் உழைப்பவருக்கும் அதற்குக் குறையக் கூடாது என்பது சட்டம்.

வீட்டிலும் இதே பாடந்தான். பிள்ளை புத்தகத்தோடு உட்கார்ந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தம்பியைக் கிள்ளினால் வீடே ஓடி வருகிறது! எது வளரும், சொல்லுங்கள்? ரோத்தானை ஓரமாக வைத்துவிட்டு, "நல்லா படிக்கிறியே, ஐயா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதற்குக் காசு செலவில்லை.

சுத்தமான வேலைக்கும் தராசில் ஒரு கணக்கு வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் ஒன்றாய்க் கேட்போம். துரையிடம் கேட்கும் அந்த நியாயத்தை நம் பிள்ளைகளுக்கு இன்று மாலையே கொடுக்கத் தொடங்குவோம்.