ஜெயில் படமும் தீர்த்தமலைத் தண்ணீரும்

தர்மபுரி ஜில்லாவில் அரூருக்கு அடுத்த தீர்த்தமலைக்கு ஜனங்கள் எதற்காகப் போகிறார்கள்? பாறையிலிருந்து சொட்டும் தண்ணீரில் தலையை நனைத்தால் செய்த பாவமெல்லாம் போய்விடும் என்பதற்காகப் போகிறார்கள். இராவணனைக் கொன்றுவிட்டுத் திரும்பிய இராமன், பூஜைக்குக் காசித் தண்ணீர் வந்துசேரத் தாமதமானதால் பாணம் விட்டு உண்டாக்கிய தீர்த்தம் என்பதாக ஸ்தல புராணமும் இருக்கிறது. சரி, அப்படியே வைத்துக் கொள்வோம். ஜெயிலிலிருந்து விடுதலையான ஒருவன் நேரே மலையேறி, அத்தனை தீர்த்தத்திலும் நனைந்துவிட்டு, ஈரத்துணியோடு பக்கத்திலிருக்கும் பக்தரிடம் ஒரு வேலை கேட்டால் கொடுப்பாரா? குடியிருக்க வீடு கொடுப்பாரா? பெண்தான் கொடுப்பாரா? "ஜெயிலுக்குப் போய் வந்தவனா?" என்று முகத்தைத் திருப்பிக் கொள்வார். ஆகவே தீர்த்தம் எதையும் கழுவுவதில்லை என்பது பக்தருக்கே நன்றாகத் தெரியும்.

இதை இப்போது சொல்லுவதற்குக் காரணம், ஜெயிலில் நடக்கும் படிப்பைப் பற்றியும் விடுதலையானவர்கள் வாழ்வைப் பற்றியும் வரும் ஆவணப்படங்களேயாகும். அப்படங்கள் வருவதை நாம் வரவேற்கிறோம். ஆனால் சிலவற்றைப் பார்த்தால் நமக்குத் தீர்த்தமலை ஞாபகந்தான் வருகிறது. 1997-ல் இஸ்ரேல் தேசத்துப் பெண்கள் இருவர் எடுத்த 'டூயிங் டைம், டூயிங் விபாசனா' என்ற படம், டில்லி திகார் ஜெயிலில் கைதிகள் தியானத்தில் உட்கார்ந்து மனம் திருந்துவதைக் காட்டுகிறது. ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்து தன் கோபத்தை அடக்கிக் கொள்வதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கோளாறு முழுவதும் கைதியின் மனத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கச் செய்வதைத்தான் ஆட்சேபிக்கிறோம். 2022-ம் வருஷக் கடைசியில் இந்திய ஜெயில்களில் இருந்தவர்கள் சுமார் 5 லட்சத்து 73 ஆயிரம் பேர். அவர்களில் சுமார் 4 லட்சத்து 34 ஆயிரம் பேர் குற்றவாளி என்று இன்னும் தீர்ப்பாகாத விசாரணைக் கைதிகள். ஜாமீனுக்கு வழியில்லாமல் உள்ளே கிடக்கும் ஏழை கண்ணை மூடி உட்கார்ந்தால் ஜாமீன் கிடைத்துவிடுமா?

படிப்பின் சங்கதி வேறு. 2019-ல் வந்த 'காலேஜ் பிஹைண்ட் பார்ஸ்' என்ற அமெரிக்கப் படத்தில், நியூயார்க் ராஜ்யத்து ஜெயில்களில் பார்டு கல்லூரி நடத்தும் வகுப்புகளைக் காட்டுகிறார்கள். வெளியில் படிக்கும் மாணவனுக்கு என்ன பாடமோ அதேதான் கைதிக்கும். 2015-ல் அந்தக் கைதிகள் ஹார்வர்டு சர்வகலாசாலை மாணவர்களை வாதப்போட்டியில் ஜெயித்தார்கள். கைதிகளின் கல்லூரிப் படிப்புக்குக் கொடுத்த பணத்தை 1994-ல் சட்டம் போட்டு நிறுத்திய அமெரிக்க சர்க்காரே, 2023-ல் திரும்பக் கொடுக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 19 வயதில் ஜெயிலுக்குப் போன தோழர் பேரறிவாளன், தூக்குத் தண்டனை தலைமேல் தொங்கும்போதே 2012-ல் பிளஸ் டூ பரீட்சையில் 1,200-க்கு 1,096 மார்க்கு வாங்கினார். 2013-ல் வந்த 'உயிர்வலி' என்ற படத்திலோ, அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே, அதை அவர் சொன்னபடி முழுதும் எழுதவில்லை என்று ஒப்புக் கொண்டார். சுப்ரீம் கோர்ட்டு அவரை விடுதலை செய்தது 2022 மே 18-ந் தேதி. அதற்குள் 31 வருஷம் போய்விட்டது. கைதியைப் பார்த்திருந்த காமிராவை அதிகாரியின் பக்கம் திருப்பியதுதான் அந்தப் படம் செய்த நன்மை.

திருந்த வேண்டியது ஜெயிலும் அல்லவா? கூட்டுகிற வேலை இன்ன சாதிக்கு, சமையல் இன்ன சாதிக்கு என்று ஜெயில் விதிப்புஸ்தகத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்ல 2024 அக்டோபர் 3-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு வர வேண்டியிருந்தது. மனுதர்மத்தை விதியாக வைத்துக்கொண்டு கைதிக்கு ஒழுக்கம் போதிக்க இவர்களுக்கு என்ன யோக்கியதை?

இனி அரூர்ப் பக்கத்திற்கே வருவோம். 1992 ஜூன் 20-ந் தேதி வாச்சாத்தி மலைவாசிகள் மீது, சந்தனக்கட்டை திருடினார்கள் என்று சொல்லி, வனத்துறையும் போலீசும் ரெவினியூவும் சேர்ந்து பாய்ந்தன. 18 பெண்கள் கற்பழிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஜெயிலில் அடைக்கப்பட்டார்கள். முடிவில் குற்றவாளிகள் யார்? வழக்கில் சேர்க்கப்பட்ட அதிகாரிகளும் சிப்பந்திகளும் 269 பேர். இடையில் செத்த 54 பேர் போக, உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகளே என்று 2011-ல் தீர்ப்பாயிற்று. 2023-ல் ஐக்கோர்ட்டும் அதை உறுதி செய்தது. ஜெயிலுக்குப் போய் வந்தவனெல்லாம் பாவி என்று நினைக்கும் பக்தர், இந்த வாச்சாத்திப் பெண்களுக்கு என்ன பதில் சொல்லுவார்?

குற்றமே செய்தவனானாலும், கோர்ட்டு போட்ட தண்டனை விடுதலையன்று தீர்ந்துவிட்டது. ஊர் போடும் தண்டனைக்கோ காலக்கெடுவே கிடையாது. அதற்கு அப்பீலும் இல்லை. ஆதலால் படம் எடுக்கும் தோழர்களுக்கு நாம் சொல்லுவது, ஜெயில் வாசலோடு காமிராவை மூடிவிடாதீர்கள் என்பதுதான். வெளியே வந்தவன் பின்னாலேயே ஊருக்குள் போங்கள். அவனைக் கண்டு கதவைச் சாத்துகிறவர்களின் முகத்தையும் படம் பிடியுங்கள். நம் வாலிபர்கள் அந்தப் படங்களைத் தீர்த்தமலை அடிவாரத்திலேயே திரை கட்டிக் காட்டட்டும். பார்த்தவர்களில் ஒருவர், விடுதலையான ஒருவனுக்கு ஒரு வேலை கொடுத்தாலும் போதும். மலைத் தண்ணீர் இத்தனை காலமாகச் செய்யாததை அவர் ஒரே நாளில் செய்தவராவார்.