தனிமையின் மீது இரண்டு தீர்ப்புகள்

‘கூட்டங்களுக்கு வருவதில்லை, வந்தாலும் வாய் திறப்பதில்லை, ஆகவே திமிர்.’ நம் இலக்கியச் சூழலில் மௌனமான மனிதனுக்கு வழங்கப்படும் தீர்ப்பு இது. தந்தக் கோபுரவாசி என்ற பட்டம் உபரி.

இதற்குப் பதிலாக இப்போது ஒரு அனுதாபம் கிளம்பியிருக்கிறது. உள்முகி, வெளிமுகி என்று 1921இல் யுங் வகுத்ததை யாரோ சுருக்கிச் சொல்ல, அதைக் கேட்டவர்கள் சொல்கிறார்கள்: ‘பாவம், அவன் தனியாக இருந்து பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ள வேண்டும்.’ திமிர் என்ற வசையே இதைவிட மேல்.

சங்ககிரிக்காரனுக்குப் பாட்டரியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. லாரி ஊர். ராத்திரி பூராவும் பட்டறையில் சார்ஜில் கிடக்கிற பாட்டரி, விடிந்ததும் யாருடைய லோடையோ ஏற்றிப்போகிற வண்டியைக் கிளப்பிவிட வேண்டும். அதன் தனிமைக்கு வேறு அர்த்தமில்லை. மனிதனின் தனிமையும் அவ்வளவுதானா?

களைப்பு நிஜம். நாலு மணிநேரப் பேச்சுக்குப் பின் என்னிடம் சொற்களே மிஞ்சுவதில்லை. கோட்டைமலை அடிவாரத்தில் ஒரு மாலை தனியே நடந்தால் திரும்பி வருகின்றன. ஆனால் போனவை அப்படியே வருவதில்லை. கூட்டத்தில் ஒருவர் சொன்னது அங்கேதான் எனக்கு முதல்முறையாகக் காதில் விழுகிறது. அவருக்கான என் பதிலும் அங்கேதான் பிறக்கிறது.

நகுலன், திருவனந்தபுரத்தில் ஆங்கிலம் போதித்து, மணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்து 2007இல் மறைந்தவர். தனிமைக்கு உதாரணமாக அவரைக் காட்டாதவர் இல்லை. 1972இல் ‘நினைவுப் பாதை’ எழுதியவர். அதற்கு முன்பே, 1968இல், சக எழுத்தாளர்களைத் திரட்டி ‘குருக்ஷேத்திரம்’ தொகுத்தவரும் அவரே. மனிதர்களிடமிருந்து தப்பி ஓடியவன் செய்கிற காரியமா இது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நகுலனுக்கு உத்தியோகம் இருந்தது, சாத்திக்கொள்ள ஒரு கதவு இருந்தது. அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்தால் ‘உடம்புக்கு என்ன?’ என்று விசாரிக்கப்படுகிற பெண்ணுக்கு? லாரியிலேயே தூங்கி எழுகிற கிளீனர் பையனுக்கு? அவர்களிலும் உள்முகிகள் உண்டு. தனிமையை எழுத்தாளனின் வியாதியாகவோ சலுகையாகவோ மட்டும் பேசிக்கொண்டிருக்கும்வரை இவர்கள் நம் கண்ணில் பட மாட்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் மூலையில் ஒருவன் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அவனிடம் மைக்கை நீட்டாதீர்கள். கூட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போக விடுங்கள். அவன் கேட்டுக்கொண்டிருந்தானா என்பது அவனுடைய அடுத்த கடிதத்தில் தெரியும்.