பாதி பென்ஷனை விற்கலாமா?

40 வயதை ஒட்டி ராணுவத்திலிருந்து ஏற்காடு அடிவாரத்துக்குத் திரும்பும் ஒரு ஹவில்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பென்ஷன் மாதம் 24,000 ரூபாய். இனி ஒரே கேள்வி: அதில் எவ்வளவை 'கம்யூட்' செய்வது?

மத்திய அரசின் சிவில் ஊழியருக்கு 40 சதவிகிதம் வரைதான், படைவீரருக்கு 50. பாதியை, அதாவது 12,000-ஐ விட்டுக்கொடுத்தால் சுமார் 13 லட்சம் மொத்தமாக வரும். வரி கிடையாது. ஆனால் 15 வருடத்தில் பிடித்தம் 21,60,000. வட்டியாகப் பார்த்தால் 7 சதவிகிதத்துக்குச் சற்று மேல்.

கடன் மாதிரிதான், ஆனால் நல்ல கடன். அகவிலைப்படி முழு பென்ஷனுக்கும் உண்டு. இடையில் அவர் இறந்தால் மீதியை யாரும் கேட்க மாட்டார்கள். மனைவியின் குடும்ப பென்ஷனும் குறையாது. 15 வருடம் கழித்து முழு பென்ஷன் திரும்புவதற்கு வழிசெய்தது 1986-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அதற்கு முன் பிடித்தம் ஆயுளுக்கும்!

வீட்டுக்கடனை அடைக்கவா? தாராளமாக வாங்கலாம். மச்சான் சொன்ன பிசினஸில் போடவா? அந்த 12,000 மாதாமாதம் வீட்டுக்கே வரட்டும். ஒருமுறை கம்யூட் செய்தால் நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் வீட்டம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கணக்குப் போடுங்கள்.