வயிற்று வலிக்கு மாத்திரை மட்டும் போதாது



மேல் வயிறு வலிக்கிறது என்று தோட்ட டிஸ்பென்சரிக்குப் போனால், 'கேஸ்ட்ரைட்டிஸ்' என்று மாத்திரை தருவார்கள். பல பேருக்கு அது சரியாகவும் இருக்கும். ஆனால் வலி வாரக்கணக்கில் தீராமல், முதுகு வரை ஊடுருவி, உடம்பும் மெலிந்துகொண்டே போனால் அது கணைய நோயாக இருக்கலாம். கண் மஞ்சளானால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் கிடக்கிறது. பித்தக் கல்லும் மதுவும்தான் அதில் அழற்சி உண்டாவதற்கு முக்கிய காரணங்கள். கசிப்பு நம் லயங்களில் செய்யும் கேடுகளில் இதுவும் ஒன்று. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் சாதாரண ஸ்கேனில், குடலிலுள்ள வாயு மறைப்பதால் கணையம் பல வேளை தெளிவாகத் தெரியாது.

அதை அருகிலிருந்து பார்ப்பதுதான் எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட். நுனியில் சிறிய ஸ்கேன் கருவி பொருத்திய குழாயை, மயக்க மருந்து தந்து, வாய் வழியாக இரைப்பைக்குள் இறக்குவார்கள். சிறிய கட்டியும் தெரியும். பித்தக் குழாயில் சிக்கிய கல்லும் தெரியும். அதே குழாய் வழியே ஊசி செலுத்தித் துணுக்கு எடுத்து, புற்றுநோயா என்று சோதிக்கலாம். கணையத்தருகே தேங்கிய நீரை, வயிற்றைக் கிழிக்காமல் இரைப்பைக்குள் வடியவிடலாம். வலி உள்ள எல்லோருக்கும் இது தேவையில்லை. யாருக்குத் தேவை என்பதை நிபுணர் சொல்வார்.

அந்த நிபுணரிடம் போய்ச் சேருவதுதான் நமக்குப் பெரும்பாடு. இந்த வசதி பெரிய வைத்தியசாலைகளில்தான் உண்டு. முதலில் டிஸ்பென்சரித் துண்டு, பிறகு மாவட்ட வைத்தியசாலை, இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கிளினிக். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் பேர் போகிறது, பஸ் காசு போகிறது, துணைக்குப் போகிறவரின் பேரும் போகிறது. அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம். அங்கே போய்ச் சேரும் வழி இலவசமல்ல. பாதியில் நின்றுவிடும் தொழிலாளியைக் 'கவனமில்லாதவர்' என்று குறை சொல்வது நியாயமா?

எனவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. மருந்து எடுத்தும் வலி தீராதவரைத் தாமதமின்றிக் கடிதம் கொடுத்து அனுப்ப வேண்டும். கிளினிக் அட்டையைக் காட்டினால் அன்றைய சம்பளம் வெட்டப்படக் கூடாது. அவசர நோயாளிக்குத் தோட்ட வாகனம் கிடைக்க வேண்டும்.

வலியைப் பொறுத்துக்கொண்டு மலை ஏறுவது நமக்குப் பழகிப் போய்விட்டது. அந்தப் பழக்கத்தை இனி விடுவோம். துண்டு தர மறுத்தால், அன்றைக்கே உங்கள் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள்.