டெக்சசில் வணிகக் கட்டடங்களின் வெளிப்புறப் பொருட்கள் பற்றிய உள்ளூர் விதிகள்

ஐக்கிய அமெரிக்காவின் டெக்சசு மாநிலத்தில் கடைகள், அலுவலகங்கள், உணவகங்கள், பண்டகசாலைகள் முதலான வணிகக் கட்டடங்களின் வெளிச்சுவர்கள் எந்தப் பொருளால் அமைய வேண்டும் என்று நகராட்சிகள் இயற்றிய ஒழுங்குகள் வெளிப்புறப் பொருள் விதிகள் எனப்படுகின்றன. சாலையை நோக்கிய சுவர்களின் பரப்பில் குறிப்பிட்ட விழுக்காடு செங்கல்லாகவோ கல்லாகவோ இருக்க வேண்டும் என்பதே இவற்றின் பொதுவான வடிவம். பல ஆண்டுகளாக நடைமுறையில் இருந்த இவ்விதிகளில் பெரும்பாலானவற்றை, 2019 ஆம் ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒரு மாநிலச் சட்டம் செயலற்றவையாக்கியது. சட்டமன்றத்தில் அதற்கு இடப்பட்ட எண்ணைக் கொண்டு அது 2439 ஆம் இலக்கச் சட்டம் என்று அழைக்கப்படுகிறது. சுவரைப் பற்றிய சிறிய சட்டம் போலத் தோன்றினாலும், ஓர் ஊரின் தோற்றத்தை முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு என்ற வினாவே இதன் உள்ளடக்கம் ஆகும்.

தோற்றம்

சுவர்ப் பொருளை அரசு கட்டுப்படுத்தும் வழக்கம் தீ அச்சத்திலிருந்து பிறந்தது. 1666 ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின் இலண்டனில் இயற்றப்பட்ட மீள்கட்டுமானச் சட்டம், கட்டடங்களின் வெளிச்சுவர்கள் செங்கல்லால் அல்லது கல்லால் கட்டப்பட வேண்டும் என்று பணித்தது. அமெரிக்க நகரங்களும் நெருக்கமான வணிகப் பகுதிகளைச் சுற்றித் "தீ எல்லை" வகுத்து அதற்குள் மரக் கட்டடங்களைத் தடை செய்தன. 1871 ஆம் ஆண்டுத் தீயில் சிக்காகோ எரிந்தபின் இவ்வகைத் தடைகள் மேலும் வலுப்பெற்றன. அக்காலத்தில் செங்கல்லை வற்புறுத்தியதன் காரணம் எளிது: செங்கற்சுவர் எரியாது, அண்டை வீட்டுக்குத் தீயைக் கடத்தாது.

அழகு ஒரு சட்டக் காரணமாக ஏற்கப்பட்டது பின்னரே. 1954 ஆம் ஆண்டு பெர்மன் எதிர் பார்க்கர் வழக்கில் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நீதிபதி வில்லியம் டக்ளசு எழுதிய அத்தீர்ப்பு, பொதுநலம் என்பது உடல்நலமும் பாதுகாப்பும் மட்டுமன்று, ஊர் அழகாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்யவும் சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று கூறியது. வாசிங்டன் நகரின் ஒரு பகுதியை மீளமைக்க நிலம் எடுப்பது பற்றிய வழக்கு அது. வழக்குத் தொடர்ந்த தரப்பின் சொத்து ஒரு பல்பொருள் அங்காடி. வணிகக் கட்டடம் ஒன்றைப் பற்றிய வழக்கே அழகு சார்ந்த விதிகளுக்குக் கதவைத் திறந்தது என்பது இங்கு நோக்கத்தக்கது.

டெக்சசில் 1912 ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தின்படி 5,000 பேருக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்கள் தமக்கெனச் சாசனம் எழுதித் தன்னாட்சி நடத்தலாம். டாலசுக்கு வடக்கே வேகமாக வளர்ந்த பிரிசுகோ, மக்கின்னி முதலிய புறநகர்கள் இவ்வதிகாரத்தைக் கொண்டு செங்கல் விதிகளை இயற்றின. அம்மாநிலத்தில் தனிநபர் வருமான வரி இல்லை. நகராட்சிகள் சொத்து வரியையும் விற்பனை வரியையும் நம்பியே வாழ்கின்றன. ஆகவே ஒரு கடையின் சுவர் இருபது ஆண்டுகளுக்குப் பின் எந்த நிலையில் இருக்கும் என்பது நகராட்சியின் கருவூலம் பற்றிய கேள்வியாகிறது. பெரிய அங்காடி நிறுவனம் ஒன்று ஊரை விட்டு நீங்கினால், தகடு அடித்த வெற்றுக் கட்டடத்தை அடுத்தவர் வாடகைக்கு எடுப்பது அரிது; நல்ல முகப்பு உடையதாயின் வாய்ப்பு உண்டு. நகராட்சிகளின் வாதங்களில் வலுவானது இதுவே எனலாம்.

செங்கல் என்னும் போர்வை

இவ்விவாதத்தில் "செங்கற் கட்டடம்" என்ற சொல் பெரும்பாலும் ஒரு மயக்கம். இன்றைய அமெரிக்க வணிகக் கட்டடத்தில் செங்கல் எடையைத் தாங்குவதில்லை. எடையைத் தாங்குவது எஃகுச் சட்டகம், மரச்சட்டகம் அல்லது காங்கிரீட்டுச் சுவர். அதற்கு வெளியே ஓர் அங்குலம் அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட காற்று இடைவெளி விட்டு, ஒற்றை வரிசைச் செங்கல் அடுக்கப்பட்டு, உலோகக் கொக்கிகளால் உட்சுவரோடு பிணைக்கப்படுகிறது. மழைநீர் செங்கல்லை ஊடுருவும். அது இடைவெளியில் வழிந்து, அடியில் விடப்பட்ட சிறு துளைகள் வழியே வெளியேறும். இது கட்டடத்துக்கு அணிவித்த மேலாடை போன்றது. ஆனால் பயனுள்ள மேலாடை: ஆலங்கட்டி மழையைத் தாங்கும், வண்ணம் பூசத் தேவையில்லை, கரையானுக்கு இரையாகாது.

இதன் போட்டியாளர்கள் மூவர். முதலாவது, நெளிதகடும் தட்டைத் தகடும். விலை குறைவு, விரைவில் முடியும், ஆயினும் மோதினால் பள்ளம் விழும். இரண்டாவது, சிமெந்து நார்ப்பலகை. சிமெந்து, மணல், மரநார் ஆகியவற்றைச் சேர்த்து அழுத்திச் செய்யப்படும் இது எரியாதது. பல நகரங்களின் விதிகள் இதைக் "கொத்துவேலை" என்ற வரையறைக்குள் சேர்க்கவில்லை. மூன்றாவது, நுரைப்பலகையின் மேல் வலையும் மெல்லிய பூச்சும் இட்ட காப்புப் பூச்சுச் சுவர். வெப்பத்தை நன்றாகத் தடுக்கும். ஆனால் நீர் உள்ளே புகுந்தால் வெளியேற வழியில்லாத பழைய வகைகள் 1990களின் நடுப்பகுதியில் வட கரோலினாவின் வில்மிங்டன் பகுதி வீடுகளில் உட்சுவரை அழுகச் செய்து பெரும் வழக்குகளுக்குக் காரணமாயின. பின்னர் வடிகால் அமைப்பு உடைய வகைகள் வந்தன. எனினும் பல நகராட்சிகளின் நினைவில் பழைய வகையே தங்கிவிட்டது.

பொருளின் தரம் மட்டுமே இங்கு பேசப்பட்டது என்று கொள்வதற்கில்லை. செங்கல் விதி ஒவ்வொன்றும் செங்கல் ஆலைகளுக்கும் கொத்தனார்களுக்கும் உறுதியான சந்தை ஆகும். மாநிலத்தின் கொத்துவேலைத் தொழில் மன்றம் இத்தகைய விதிகளை ஏற்குமாறு நகராட்சிகளிடம் வெளிப்படையாகவே பரப்புரை செய்துவந்தது. 1891 இல் தொடங்கிய அக்மி செங்கல் நிறுவனம் போர்ட் வொர்த் நகரைத் தலைமையிடமாகக் கொண்டது. நார்ப்பலகை ஆலைகளும் டெக்சசின் கிளீபர்ன், வாக்சகாச்சி ஆகிய ஊர்களில் இயங்குகின்றன. ஆதலால் இதை உள்ளூர்ப் பொருளுக்கும் வெளியூர்ப் பொருளுக்கும் இடையிலான போட்டி என்றும் கூற இயலாது.

2439 ஆம் இலக்கச் சட்டம்

இச்சட்டத்தைப் பிரதிநிதிகள் அவையில் முன்வைத்தவர் டேட் ஃபீலன். இவர் பின்னர், 2021 முதல் 2025 வரை, அவ்வவையின் தலைவராக இருந்தார். ஆளுநர் கிரெக் அபொட் 2019 சூன் மாதம் கையொப்பமிட்டார். வீடு கட்டுவோர் சங்கம் ஆதரித்தது. நகராட்சிகளின் கூட்டமைப்பும் கொத்துவேலைத் தொழில் மன்றமும் எதிர்த்தன.

சட்டத்தின் மையவிதி சுருக்கமானது. தேசிய முன்மாதிரிக் கட்டட விதித்தொகுப்பு ஒன்றின் கடைசி மூன்று பதிப்புச் சுற்றுகளில் ஒப்புதல் பெற்ற எந்தக் கட்டடப் பொருளையும், குடியிருப்பிலோ வணிகக் கட்டடத்திலோ பயன்படுத்துவதை, அரசு அமைப்பு எதுவும் நேரடியாகவோ மறைமுகமாகவோ தடுக்கவோ கட்டுப்படுத்தவோ கூடாது. பொருள், கட்டுமான முறை, அழகியல் முறை ஆகியவற்றில் அத்தொகுப்பைவிடக் கடுமையான அளவுகோலையும் விதிக்கக் கூடாது. மீறும் நகராட்சிக்கு எதிராக மாநிலத் தலைமைச் சட்டத்தரணியோ பாதிக்கப்பட்டவரோ நீதிமன்றத் தடையுத்தரவு கோரலாம்.

இங்கு குறிப்பிடப்படும் தொகுப்புகளில் முதன்மையானது பன்னாட்டுக் கட்டட விதித்தொகுப்பு ஆகும். பெயரில் பன்னாடு இருந்தாலும் பெரும்பாலும் அமெரிக்காவிலேயே வழங்குகிறது. 1994 இல் அமைக்கப்பட்ட பன்னாட்டு விதித்தொகுப்புப் பேரவை இதன் முதற் பதிப்பை 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டது. மூன்றாண்டுக்கு ஒருமுறை இது புதுப்பிக்கப்படுகிறது. தீ, காற்று, நீர், எடை ஆகியவற்றுக்கு எதிரான குறைந்தபட்சப் பாதுகாப்பை வகுப்பதே இதன் நோக்கம். ஊரின் அழகைப் பற்றி இது ஏதும் கூறுவதில்லை, கூற எழுதப்பட்டதும் அன்று. டெக்சசுச் சட்டம் இந்தக் குறைந்தபட்ச அளவையே நகராட்சி விதிக்கக்கூடிய உச்ச அளவாகவும் ஆக்கிவிட்டது. பாதுகாப்பான பொருள் என்ற சான்று, எல்லா இடத்துக்கும் பொருத்தமான பொருள் என்ற சான்றாக மாற்றப்பட்டதே இச்சட்டத்தின் அடிப்படைக் குறை என்று கருத இடமுண்டு.

விலக்குகளும் உண்டு. வரலாற்றுச் சின்னங்களும், முறைப்படி அறிவிக்கப்பட்ட மரபுப் பகுதிகளும் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. கடற்கரை மாவட்டங்களில் புயற்காற்றுக் காப்புறுதி பெறுவதற்கு வேண்டிய கட்டுமானத் தேவைகளும், இரவு வானைக் காக்கும் வெளிவிளக்கு விதிகளும் அவ்வாறே. பழைய கடைத்தெரு உடைய ஊருக்கு இவ்விலக்கு உதவும். நெடுஞ்சாலையோரம் 1980களுக்குப் பின் வளர்ந்த ஊருக்குக் காக்க வேண்டிய "மரபு" இன்னும் உருவாகவில்லை.

வணிகக் கட்டடங்களையும் சேர்த்ததே டெக்சசுச் சட்டத்தின் தனித்தன்மை. வட கரோலினா 2015 இல் இயற்றிய சட்டம் ஒரு குடும்பம் அல்லது இரு குடும்பம் வாழும் வீடுகளோடு நின்றது. ஆர்கன்சா 2019 இல் இயற்றியதும் குடியிருப்புகளைப் பற்றியதே. வீட்டு விலையைக் குறைக்க வேண்டும் என்ற காரணம் அவற்றுக்குப் பொருந்தும். செங்கல் விதி, மலிவான வீடுகளையும் அவற்றில் குடியேறக்கூடியவர்களையும் ஊருக்குள் விடாத மதிலாகப் பயன்பட்டது என்ற குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது. சிறு பட்டறை நடத்துபவர் தம் கட்டடத்தின் முன்சுவருக்கு மட்டும் பெருந்தொகை செலவிட நேர்ந்ததும் மெய்யான சுமையே. ஆனால் தேசிய அளவில் கடைகள் நடத்தும் நிறுவனத்தின் அங்காடிக்கு இக்காரணம் எவ்வாறு பொருந்தும் என்பதற்குச் சட்டத்தின் ஆதரவாளர்கள் நிறைவான விடை தரவில்லை. சொத்துரிமை என்ற பொதுவான விடையே தரப்பட்டது.

சட்டத்துக்குப் பின்

நகராட்சிகள் தம் விதிநூல்களைத் திருத்தின. "வேண்டும்" என்ற இடங்களில் "பரிந்துரைக்கப்படுகிறது" என்று எழுதின. பொருளைச் சொல்லாமல் வடிவத்தைச் சொல்லும் விதிகளின் பக்கம் பல ஊர்கள் திரும்பின: சுவர் நெடுக ஒரே தளமாக ஓடக்கூடாது, சாலைப் பக்கம் இத்தனை சாளரம் வேண்டும், வாகனத் தரிப்பிடத்துக்கு முன் மரவரிசை வேண்டும் என்பன போன்றவை. மரங்களைப் பற்றிச் சட்டம் பேசவில்லை. சாளரமும் சுவர் மடிப்பும் "அழகியல் முறை" ஆகுமா என்பது சொல்லாராய்ச்சிக்கு உரியது. எச்சரிக்கையான நகர வழக்கறிஞர்கள் அவற்றையும் குறைத்துக்கொள்ளவே அறிவுரை கூறுவர்.

அடுத்த வழி ஒப்பந்தம். கட்டுபவருக்குக் கூடுதல் உயரம், வரித் தள்ளுபடி, சாலை, வடிகால் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை நகராட்சி தந்து, அதற்கு ஈடாகச் செங்கல் முகப்பைத் தாமாக ஏற்கும் ஒப்பந்தத்தில் கையொப்பம் பெறுகிறது. பிரிசுகோ போன்ற ஊரில் நிலத்துக்குப் போட்டி இருப்பதால் இது நடக்கும். மேற்கு டெக்சசில் ஈராயிரம் பேர் வாழும் ஊரில், நெடுஞ்சாலை முகப்பில் தள்ளுபடி விலைக் கடை ஒன்று தகரக் கொட்டகை எழுப்ப வந்தால், அவ்வூரின் கையில் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது? தன்னாட்சிச் சாசனத்துக்கு வேண்டிய மக்கள்தொகையும் அதற்கு இல்லை. செல்வமுடைய நகரங்களை அடக்குவதற்கென்று எழுதப்பட்ட சட்டம் அவற்றைக் குறைவாகவும் சிற்றூர்களை அதிகமாகவும் தாக்கியது.

மூன்றாவது, தனியார் பத்திர நிபந்தனை. நிலத்தைப் பிரித்து விற்பவர் வாங்குவோர் அனைவரும் செங்கல்லே பயன்படுத்த வேண்டும் என்று பத்திரத்தில் எழுதினால் அது செல்லும். 2439 ஆம் இலக்கச் சட்டம் அரசு அமைப்புகளை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. பெரிய வணிக வளாகங்கள் இத்தகைய நிபந்தனைகளோடுதான் விற்கவும் குத்தகைக்கு விடவும் படுகின்றன. சொத்துரிமையைக் காக்கும் சட்டம் என்ற வாதம் இங்கே வலுவிழக்கிறது. உரிமையாளர் மீதான கட்டுப்பாடு நீங்கவில்லை. வாக்களித்துத் தேர்ந்த நகரசபையின் கையிலிருந்து, யாரும் வாக்களிக்காத நில விற்பனையாளரின் கைக்கு அது மாறியது. நகரசபையின் விதியை அடுத்த தேர்தலில் மாற்றலாம். பத்திர நிபந்தனையை மாற்றுவது மிகக் கடினம்.

இச்சட்டம் தனித்து வந்ததும் அன்று. டென்டன் நகர மக்கள் 2014 நவம்பரில் வாக்கெடுப்பின் மூலம் நீரழுத்த எரிவாயு அகழ்வைத் தடை செய்தபோது, 2015 மே மாதமே மாநிலம் அத்தடையை வெறுமையாக்கும் சட்டத்தை இயற்றியது. லரேடோ நகரின் பிளாசுடிக்குப் பை தடையை மாநில உச்ச நீதிமன்றம் 2018 இல் நீக்கியது. 2023 இல் வந்த 2127 ஆம் இலக்கச் சட்டம், தொழில், சொத்து, வேளாண்மை முதலிய பல துறைகளில் மாநிலச் சட்டத்தைத் தாண்டி நகரங்கள் விதி செய்வதையே பொதுவாகத் தடுக்க முனைந்தது.

பிற நகரங்கள்

பொருள் விதி நீண்டகாலம் நிலைத்த இடங்களில் எருசலேம் குறிப்பிடத்தக்கது. 1918 இல் பிரித்தானியப் படைத்துறை ஆளுநர் ரொனால்டு சுட்டோர்சு பழைய நகரில் சாந்துப் பூச்சையும் நெளிதகட்டையும் தடை செய்தார். பின்வந்த விதிகள் உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லை நகரின் பெரும்பகுதிக்கும் கட்டாயமாக்கின. தொடக்கத்தில் தடித்த கற்சுவர். இன்று காங்கிரீட்டின் மேல் ஒட்டிய மெல்லிய கற்பலகை. நியூ மெக்சிக்கோவின் சாந்தா பே நகரம் 1957 ஆம் ஆண்டு ஒழுங்கின் மூலம் பழைய நகர்ப்பகுதியில் மண்கட்டடத் தோற்றத்தை வற்புறுத்துகிறது. அங்கும் புதிய கட்டடங்கள் பலவற்றின் உள்ளே இருப்பது மரச்சட்டகம், மேலே மண்நிறப் பூச்சு. சாந்தா பே இதனால் பெரும் சுற்றுலா வருவாய் பெறுகிறது. அங்கு வீட்டு விலையும் அதற்கேற்ப உயர்ந்துள்ளது. அவ்விதியைக் கூட்டவும் குறைக்கவும் அந்நகரசபைக்கு அதிகாரம் உண்டு.